பால் பொங்குவதற்கு முன்னால்: உறையூர், ஸ்ரீரங்கம், மறுபடியும் உறையூர்

திருச்சியில் என்ன பார்க்கலாம் என்று தேடி இங்கே வந்திருந்தால், மலைக்கோட்டை பற்றிய பழைய பதிவு தனியாக இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். இது வேறு மாதிரிப் பயணம். குடியால் வீடு வாசல் இழந்த ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்து, அவரைப் பார்க்கவோ ஓர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவோ நீங்கள் திருச்சிக்குப் பஸ் ஏறப் போகிறீர்கள் என்றால், இது உங்களுக்குத்தான். கோபத்தோடு எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை என் தம்பி சேகர் போன் செய்தான். "அக்கா, ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறேன். ஸ்ரீரங்கத்துல ஒரு மாடி போர்ஷன் கெடைச்சிருக்கு. நீ வந்துதான் அடுப்பு பத்த வைக்கணும்." அவனிடமிருந்து நல்ல சேதிக்கு போன் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நான் அலுவலகத்தில் இருந்தேன். படிக்கட்டுப் பக்கம் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

சேகரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊர் முசிறி. அங்கிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவரும் மினி லாரியை அவன் ஓட்டினான். குடியில் முதலில் லைசென்ஸ் போனது, பிறகு வண்டி போனது, பிறகு அவன் மனைவி குழந்தையோடு துறையூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். கடைசியில் இவன் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாலு வருஷம் கிடந்தான்.

மூன்று தடவை குடி மறக்க வைக்கும் சிகிச்சைக்குச் சேர்த்தோம். ஒவ்வொரு தடவையும் தெளிந்த முகத்தோடுதான் வெளியே வந்தான். வெளியே என்றால் எங்கே? அதே படித்துறைக்கு. அங்கே பக்கத்தில் படுத்திருப்பவன் குவார்ட்டரை நீட்டுவான், மழை பெய்யும், குளிரும். வாங்காமல் இருக்க அவன் என்ன சாமியாரா? மருந்து கொடுத்தவர்கள், புத்தி சொன்னவர்கள், பிரார்த்தனை செய்தவர்கள் எல்லோரும் உண்டு. ராத்திரி எங்கே படுப்பாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"நீ உன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாமே" என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு இங்கேயே பதில். கூட்டிப்போனேன். திண்டுக்கல்லில் எங்களுடையது இரண்டு அறை வீடு. அவன் குளியலறையில் பத்து நிமிஷம் கூடுதலாக இருந்தால் நாங்கள் நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவையே பார்ப்போம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுஷன் எத்தனை நாள் தெளிவாக இருப்பான்?

சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்குத் திண்டுக்கல்லில் அரசு பஸ் ஏறினேன். நூறு கிலோமீட்டர், டிக்கெட் 95 ரூபாய். மூன்றே முக்காலுக்குப் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். பழைய நினைப்பில் ஜங்ஷன் பக்கம் இறங்கலாம் என்று வருகிறவர்கள் கவனிக்கவும், பஞ்சப்பூரிலிருந்து டவுனுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி உறையூர் போய்ச் சேரும்போது மணி ஐந்தேகால், நல்ல தூறல். என் பையில் புது எவர்சில்வர் பால் பாத்திரம் இருந்தது. கூடப்பிறந்தவள் வாங்கித் தர வேண்டிய சீர், நானே தேடிப் பிடித்து வாங்கினேன்.

உறையூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த இல்லம். ஓர் அறக்கட்டளை நடத்துகிறது, பெயர் வேண்டாம். ஆறு ஆண்களுக்கு ஆறு கட்டில், ஒரு கூடம், ஒரு சமையலறை, வாசல் கதவுக்கு ஆளுக்கொரு சாவி. இங்கே வருபவரிடம் முதலில் குடியை விட்டுவிட்டு வா, அப்புறம் கட்டில் தருகிறோம் என்று சொல்வதில்லை. முதலில் கட்டில். படுக்க இடமும் பூட்டக் கதவும் கிடைத்த பிறகு, மாத்திரை, ஆஸ்பத்திரி, ஆதார் கார்டு, வேலை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். கொஞ்சம் நிமிர்ந்தவர்களுக்கு வெளியே தனி வாடகை வீடு பிடித்துக் கொடுத்து, அதன் பிறகும் வாரம் இரண்டு முறை போய்ப் பார்க்கிறார்கள். சேகர் இங்கே வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை சறுக்கினான். வெளியே தள்ளாமல் வைத்திருந்து மறுபடி தூக்கிவிட்டார்கள். இப்போது அரியமங்கலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை.

இதையெல்லாம் ஓடியாடிப் பார்ப்பவர் மெஹருன்னிசா. திருச்சி பாலக்கரைக்காரர், கணவர் துபாயில் இருக்கிறார். எல்லோருக்கும் மெஹர் அக்கா, என்னைவிட இளையவர்தான். டீ கொடுத்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். "ரோட்டுல படுக்கிறவங்க செருப்பைத் தலைக்கு அடியில வெச்சுத்தான் தூங்குவாங்க. இல்லேன்னா காலைல இருக்காது. உங்க தம்பி இங்க கட்டில்ல படுத்தும் ரொம்ப நாளு செருப்பைத் தலைகாணிக்கு அடியிலதான் வெச்சிருந்தாரு. ஒருநாள் வாசல்லயே கழட்டி விட்டுட்டு வந்து படுத்தாரு பாருங்க, அன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு."

அந்தச் சாயங்காலம் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சேகரின் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தவர், நாற்பது வயது இருக்கும், யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சேகர் அவருக்கு எந்த ஆணியில் சட்டை மாட்டலாம், எந்தப் பக்கம் தலை வைத்தால் ஃபேன் காற்று வரும் என்று காட்டிக்கொண்டிருந்தான். அவன் ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

இன்னொருவரையும் அறிமுகம் செய்ய வேண்டும். ஆரோக்கியசாமி, அந்த வீட்டிலேயே மூத்தவர். தேர்தல் நேரத்தில் ஆட்டோவில் மைக் பிடித்து வாக்குக் கேட்பவராக இருந்து, கட்சிக்காரர்கள் வாங்கிக்கொடுத்துப் பழகிய குடி. எதைச் சொன்னாலும் எதுகை மோனையோடுதான் வரும். எனக்குத் தோசை வைக்கும்போதுகூட, "திண்டுக்கல் சகோதரிக்குத் திகட்டாத சட்னி!" என்றார். நான் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு தங்கச்சி, உன் தம்பிக்குச் சொல்லிடாத" என்றார். நான் மாலை கீலை வாங்கியிருப்பார் என்று நினைத்தேன்.

ராத்திரி சத்திரம் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன், வாடகை 700 ரூபாய், வெந்நீர் வராது. ஞாயிறு காலை ஆறரைக்குச் சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சேகர், மெஹர், நான். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது, இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். சேகர் படித்துறைப் பக்கம் திரும்பவே இல்லை. "வீட்டுக்காரர் நமக்குத் தெரிஞ்சவர்தான்க்கா, அவருக்குத்தான் என்னைத் தெரியாது" என்றான். விளங்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மேலூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெரு. திரும்பியதும் எதிரில் மின் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஆறடிக்கு நாலடியில் ஒரு பிளெக்ஸ். நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட சேகர். எந்த போட்டோவிலிருந்து எடுத்து ஒட்டினார்களோ தெரியாது, கண்ணாடி அவனுடையது இல்லை. கீழே உறையூர் இல்லத்தில் இருப்பவர்களின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். மேலே கொட்டை எழுத்தில்:

"குடியை வென்று குடியேறும் கொள்கைச் சிங்கமே! உன் பால் பொங்கட்டும்! பழசெல்லாம் மங்கட்டும்! இவண்: மறுவாழ்வு இல்லத்துத் தம்பிகள்."

கம்பத்துக்கடியில் ஆரோக்கியசாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இது பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் தலைவர் வருகைக்கும் கட்டுவது போலத்தான். இந்த ஊரில் சந்தோஷம் என்றால் பிளெக்ஸ். குடிக்கும் குடியேறுவதற்கும் ஒரே சொல்லாக அமைந்தது அவருக்குக் கிடைத்த புதையல், விடுவாரா? சேகர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான், கண் நிறைந்திருந்தது. அவன் படம் எங்கேயும் பெரிதாக வந்ததில்லை.

மெஹர் மட்டும் "யா அல்லாஹ்" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆரோக்கியண்ணே, அவுத்துடுங்க. இப்பவே. யாரும் பாக்கிறதுக்குள்ள."

"ஏம்மா, கயிறு கட்டவே ஒரு மணி நேரம் ஆச்சு."

"வீட்டுக்காரருக்குத் தெரியாதுண்ணே!"

ஆரோக்கியசாமியின் முகம் சுருங்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து அவிழ்த்துச் சுருட்டினோம். ஆரோக்கியசாமி, "நான் கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டு யார் கூப்பிட்டும் நிற்காமல் பஸ் போகிற பக்கம் நடந்துவிட்டார். சுருட்டிய பிளெக்ஸைச் சேகர் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, காற்று வரும் ஒரு ஜன்னல். நல்ல நேரம் ஏழே முக்காலுக்கு. நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தபோது படியில் தடதடவென்று சத்தம். வீட்டுக்காரர் கையில் போனோடு மேலே வந்தார். ரிட்டயர் ஆனவர், நெற்றியில் திருமண், மூச்சு வாங்கியது. தெருவுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறதாம். நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. பால் பொங்கக் கூடாது" என்று என்னைத் தள்ளாத குறையாக வந்து அவரே அடுப்புத் திருகை அணைத்தார். மேலே வந்த பால் கீழே இறங்கியது.

"என்ன சார் இது?" என்றேன்.

"பொங்கிடுச்சுன்னா அப்புறம் போகச் சொல்ல எனக்கு மனசு வராதும்மா. அதான் ஓடி வந்தேன்." மெஹர் பக்கம் திரும்பினார். "குடிப்பழக்கம் உண்டான்னு கேட்டேனே. இல்லைன்னீங்களே?"

"இப்பவும் இல்லைன்னுதான் சார் சொல்றேன்."

"இவன் படத்தைப் போட்டுத் தெரு முனையில கட்டியிருக்கு."

"குடியை விட்டவர்னுதானே சார் போட்டிருக்கு?"

"விட்டவன்னா குடிச்சவன்னுதானேம்மா அர்த்தம்."

முந்தின வாரம் வரை "வாங்க சேகர், உக்காருங்க சேகர்" என்று இருந்தவர்தானாம். ஒரு பிளெக்ஸில் 'அவர்' போய் 'இவன்' ஆகிவிட்டான். நான் வாயைத் திறந்தேன், மெஹர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்காரருக்கே என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தார். "நான் ஈரமில்லாதவன்னு நெனைக்காதீங்க. அமாவாசைக்கு அமாவாசை அம்மா மண்டபத்துல அன்னதானம் பண்றேன். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"தெரியும் சார்" என்றான் சேகர். "தொன்னையில புளியோதரை. வேர்க்கடலை நிறைய போடுவீங்க. வெயில்ல நிக்க வெக்காம நிழல்ல வரிசை விடுவீங்க."

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. நம்புங்கள், நிஜமாகவே மலர்ந்தது. "அட, நீ சாப்பிட்டிருக்கியா?"

"நாலு வருஷம் சார்."

"நல்லா இருக்குமா?"

"ரொம்ப நல்லா இருக்கும் சார்."

"பெருமாள் புண்ணியம். அடுத்த அமாவாசைக்கும் வந்துடு, உனக்குன்னு தனியா எடுத்து வெக்கிறேன்" என்று சொல்லி, அட்வான்ஸை ஒரு ரூபாய் குறையாமல் மெஹர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. என் தம்பி படித்துறையில் கிடக்கும் வரை அவருக்குப் புண்ணியம், மாடி ஏறி வந்தால் பயம். பின்னாலேயே போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினேன். "வேணாம்க்கா" என்றார் மெஹர். "இன்னொருத்தருக்கு இதே தெருவுல நான் வீடு கேட்டு வரணும். பெரிய சண்டை போட்டுட்டா எந்த முகத்தோட வருவேன்?" இப்படித் தன் கோபத்தை விழுங்கி விழுங்கித்தான் அந்தப் பெண் ஆறு பேருக்குக் கூரை வைத்திருக்கிறார். என்னால் ஒரு நாள் முடியாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூருக்கு ஆட்டோ 220 ரூபாய், ஞாயிறு காலை என்பதால் பேரம் பேசினால் குறையும். நான் பேசவில்லை. பால் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, புதுப் பாத்திரம், பாலு... விசேஷமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றான் சேகர்.

"நல்லாப் பொங்குச்சா?"

நான் பாத்திரத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். அவரும் விட்டுவிட்டார்.

இல்லத்துக்குள் நுழைந்ததும், சேகரின் கட்டிலில் இருந்த புது ஆள் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு எழுந்துவிட்டார். தலைகாணிக்கடியிலிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு, "அண்ணே, நீங்க படுங்க. நான் பஸ் ஸ்டாண்டுக்கே போயிக்கிறேன்" என்றார்.

"யாரும் எங்கயும் போக வேணாம்" என்று மெஹர் போட்ட சத்தத்தில் சந்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சேகர் கூடத்தில் பாய் விரித்துக்கொள்வது என்று முடிவானது. ஆறிய பாலைச் சூடுபண்ணி எல்லோருக்கும் டீ போட்டேன். ஒரு டம்ளர் மிஞ்சியது, ஆரோக்கியசாமி வந்து சேரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டரைக்குச் சேகர் எழுந்து சட்டையை மாட்டினான். "எங்க இருப்பாருன்னு எனக்குத் தெரியும். கூட்டிட்டு வரேன்."

காலையில் வீடு கைநழுவிப் போன ஒருவனை மத்தியானம் சாராயக் கடைக்கு அனுப்புவார்களா? "நானும் வரேன்" என்றேன். "நீங்க இருங்கக்கா" என்றார் மெஹர். "அங்க வேற யாரை அனுப்புறது? வழி தெரிஞ்சவர் அவர்தானே."

நாற்பது நிமிஷம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவன் இந்தச் சந்துக்குள் எப்படி நடந்து வரப்போகிறான் என்பதில்தான் ஒன்றரை வருஷமும் இருந்தது. கடைசியில் ஆரோக்கியசாமியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஒருவர் தள்ளாடினால் தாங்குபவரும் சேர்ந்து தள்ளாடுவார் இல்லையா, யார் குடித்திருக்கிறார் என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. கிட்டே வந்ததும் என்னையறியாமல் அவன் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுபோய்விட்டேன்.

"ஊதிக் காட்டவாக்கா?" என்றான் சேகர். குடித்திருக்கவில்லை. அவன் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ஆரோக்கியசாமியை உள்ளே விடுவார்களா என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. குடித்துவிட்டு வந்தால் இடம் கிடையாது என்றுதானே எல்லா இடத்திலும் போர்டு. மெஹர் கதவை அகலத் திறந்து பிடித்தார். "இன்னிக்குக் கதவை மூடிட்டா அப்புறம் இந்த வீடு எதுக்கு?" என்றார். கட்டிலில் படுக்க ஆரோக்கியசாமி ஒப்பவில்லை. "எனக்குத் தரைதான்... தரைதான் தகுதி" என்று அழுதார். அப்போதும் மோனை விடவில்லை. வாந்தி எடுப்பார் போல இருந்தது. சேகர் காலையில் கக்கத்தில் கொண்டுவந்திருந்த பிளெக்ஸைக் கூடத்தில் விரித்தான்.

"பிளெக்ஸ் நல்லதுக்கா. ஈரம் எறங்காது, தொடச்சிட்டாப் போச்சு. படித்துறையில மழைக்கு இதுக்குத்தான் அடிச்சுக்குவோம்" என்றான். கூலிங் கிளாஸ் போட்ட தன் முகம் கீழே போகும்படி திருப்பிப் போட்டான். கொள்கைச் சிங்கத்தின் மேல் ஆரோக்கியசாமி சுருண்டு படுத்தார். பக்கத்தில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டுச் சேகர் அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் மூன்றரைக்குக் கிளம்பினேன். இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. மெஹர் இன்னும் வீடு தேடுகிறார். குடி உண்டா என்று கேட்கும் வீட்டுக்காரர்களிடம் இப்போதும் "இல்லை" என்றுதான் சொல்கிறார், உண்மையும் அதுதான். சேகர் கூடத்தில் பாயில் படுத்து வேலைக்குப் போய் வருகிறான்.

இதே போல ஒரு பயணம் போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள், எல்லோரும் இல்லத்தில் இருப்பார்கள். ஆண்கள் இல்லத்தில் பெண்கள் தங்க முடியாது, சத்திரம் பக்கம் லாட்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள். அன்னதானத்துக்கு என்று எடுத்து வைத்த பணம் இருந்தால் ஓர் அறையின் வாடகைக்குக் கொடுங்கள். உங்களுக்கே காலி போர்ஷன் இருந்தால், இந்தப் பதிவுக்குக் கீழே நாலு வரி உருகி எழுதுவதை விட்டுவிட்டு அதைக் கொடுங்கள். சந்தோஷத்துக்குத் தயவுசெய்து பிளெக்ஸ் அடிக்காதீர்கள்.

பார்க்கப் போனவரின் வாயை மோந்து பார்க்காதீர்கள், பையைத் துழாவாதீர்கள். எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அவர் செருப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் கிளம்பும்போது பார்த்தேன். சேகருடையது வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஆரோக்கியசாமியுடையது அவர் தலைக்கடியில் இருந்தது.